ரத்தத் துளியில் இருதயத்தின் செய்தி

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே தயாரித்து வைத்த சில புட்டிகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அடியில் வண்டலாகப் படிந்துவிடாமல், மாதுளை முத்தின் நிறத்தோடு தெளிந்து நிற்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் தங்கம். நகைக்கடையில் மஞ்சளாக மின்னும் அதே உலோகத்தை, கண்ணுக்கும் சாதாரண உருப்பெருக்கிக்கும் எட்டாத சூக்ஷ்மமான துகள்களாகத் திரவத்தில் மிதக்க விட்டால் அது செந்நிறம் கொள்கிறது என்பதை ஃபாரடே 1857-இல் சாஸ்திர உலகுக்கு அறிவித்தார். அதன் காரணத்தைக் கணித வாயிலாக விளக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 1908-இல், குஸ்தாவ் மீ என்ற ஜெர்மானியப் பௌதிக அறிஞர் வரவேண்டியிருந்தது. உலோகத்துக்குள் கட்டின்றி உலவும் எலெக்ட்ரான்கள் ஒளியலையின் தாளத்துக்கு இசைந்து ஊசலாடும்போது ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் விழுங்குகின்றன. 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள் விழுங்குவது, ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை. பச்சை போனபின் எஞ்சி வருவது சிவப்பு. இன்று நெஞ்சுவலி என்று நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்து சேரும் ஒருவருடைய ரத்தத்தைச் சிறிய அட்டையொன்றில் சொட்டிவிட்டு, கால் மணி நேரம் பொறுத்து, கோடு தெரிகிறதா என்று தாதி உற்றுப் பார்க்கும்போது, பல அட்டைகளில் அந்தக் கோட்டுக்குச் சிவப்பூட்டுவது ஃபாரடேயின் புட்டியில் இருக்கும் அதே பொன் துகள்தான்.

ஒளியைக் கொண்டு ரத்தத்தில் இருதயத்தின் நிலையை அறியும் இந்தத் துறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருவியின் கூர்மையையே வியந்து எழுதுகிறார்கள். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும் இத்துறையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது வேறு: ஒளியின் கூர்மை இங்கே ஒருநாளும் பெருங்குறையாக இருந்ததில்லை, ரத்தம் என்னும் பெருங்கூட்டத்தினிடையே வேண்டியவரை அடையாளம் காண்பதும், கண்டபின் அவர் கொண்டுவந்த செய்திக்கு என்ன பொருள் என்று நிர்ணயிப்பதுமே எப்போதும் கடினமாக இருந்து வந்திருக்கின்றன.

இருதயத்தின் நோயை அதன் ஓசையாலும் மின்சாரத்தாலும் அறிய முயன்ற காலம் முதலில் வந்தது. லைடன் நகரத்து ஐந்தோவன் ஈ.சி.ஜி. எடுக்கும் கருவியை இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கி, 1924-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் மாரடைப்பு வந்த எல்லோருடைய ஈ.சி.ஜி.யும் அதைக் காட்டிக் கொடுப்பதில்லை. தசை செத்தால் அதற்குள்ளிருந்த பொருள்கள் ரத்தத்தில் கசிந்தே தீரவேண்டும் என்ற எளிய தர்க்கத்தைப் பற்றிக்கொண்டு, 1954-இல் அமெரிக்க மருத்துவர்கள், மாரடைப்பு கண்டவர்களின் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி உயர்வதைக் காட்டினார்கள். அந்த நொதியோ ஈரலிலும் உண்டு. ஆகவே மஞ்சள் காமாலைக்காரனும் இருதய நோயாளியும் ஒரே சாட்சியத்தின் பேரில் சந்தேகிக்கப்பட்டார்கள். பின்னர் வந்த கிரியேட்டின் கைனேஸ், உடம்பின் மற்றத் தசைகளிலும் இருப்பதால், கீழே விழுந்து அடிபட்டவனையும் இருதய நோயாளியாகக் காட்டக்கூடியதாக இருந்தது. இருதயத்துக்கே உரிய ஒரு பொருள் வேண்டும் என்ற தேட்டம் ட்ரோபோனினில் வந்து நின்றது.

ட்ரோபோனின் என்ற பெயர் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி 1960-களில் செய்த ஆராய்ச்சியால் வந்தது. தசை ஏன், எப்போது சுருங்குகிறது என்று கேட்டவர் அவர். மாரடைப்பைப் பற்றிக் கேட்டவரல்லர். தசையிழையின்மேல் காவல்போல் அமர்ந்திருக்கும் இந்தப் புரதக் கூட்டு, கால்சியம் வந்து தொட்டதும் விலகி இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்க வழிவிடுகிறது. கால்சியம் அகன்றதும் மீண்டும் வந்து தடுக்கிறது. ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் நிகழ்வது இதுவே. இக்கூட்டின் மூன்று அங்கங்களில் டி, ஐ என்னும் இரண்டும் இருதயத்தில் ஒரு வடிவமாகவும் கை கால் தசைகளில் வேறு வடிவமாகவும் அமைந்திருப்பது மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. இருதய ட்ரோபோனின் ஐ-யை 1987-இல் ஆங்கில ஆராய்ச்சியாளர்களும், ட்ரோபோனின் டி-யை 1989-இல் ஹைடல்பெர்க்கில் ஹூகோ காட்டுஸும் அவருடைய தோழர்களும் ரத்தத்தில் அளக்க வழி கண்டார்கள். 2000-த்தில் ஐரோப்பிய, அமெரிக்க இருதயவியல் அமைப்புகள் கூடி மாரடைப்பு என்ற சொல்லின் இலக்கணத்தையே ட்ரோபோனினை நடுவாக வைத்துத் திருத்தி எழுதின. தசைச் சுருக்கத்தைப் பற்றிய கேள்வி ஒன்று, முப்பத்தைந்து ஆண்டுகளில், நோயின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது.

இனி அளவைப் பார்ப்போம். இத்துறையின் கஷ்டம் முழுவதும் அளவில்தான் இருக்கிறது. ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருடைய ட்ரோபோனின் டி, இப்போது பெரிதும் வழங்கும் சோதனையின்படி, லிட்டருக்கு 14 நானோகிராமுக்கு உட்பட்டிருக்கும். அதற்கு மேற்போனால் இருதயத் தசைக்கு ஏதோ ஊறு நேர்ந்திருக்கிறது என்று கொள்கிறார்கள். ரத்தத்தின் தெளிநீரில் 50 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளி, எடுத்துக்கொள்வோமானால், அந்த எல்லையில் அதிலுள்ள ட்ரோபோனினின் எடை 0.7 பிகோகிராம்; மூலக்கூறுகளாக எண்ணினால் சுமார் 1 கோடியே 10 லட்சம். ஒரு கோடி என்பது குறைவா என்று கேட்கத் தோன்றும். அதே துளியில் ஆல்புமின் என்னும் புரதம் மட்டும் 2 மில்லிகிராம் இருக்கிறது. ஒவ்வொரு ட்ரோபோனினுக்கும் ஏறத்தாழ 160 கோடி ஆல்புமின் மூலக்கூறுகள். இந்திய தேசத்தின் ஜனத்தொகை முழுவதையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி, அவர்களில் ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அந்த வேலைகூட இதைவிடச் சற்று எளிது.

ஒளியை நேரே ரத்தத்தில் பாய்ச்சி, எந்த நிறம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கும் பழைய முறை சில பொருள்களுக்கு அற்புதமாகப் பயன்படுகிறது. விரல் நுனியில் கவ்வியதும் ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும் கருவியின் தத்துவத்தை ஜப்பானியரான டக்குவோ அவோயாகி 1970-களில் கண்டார். சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரு ஒளிகளே அதற்குப் போதும், ஏனெனில் ஹீமோகுளோபின் லிட்டருக்கு நூற்றைம்பது கிராம் வரை இருக்கிறது, தனக்கென்று நிறமும் உடையது. அழற்சியின் அறிகுறியாகிய சி.ஆர்.பி. என்ற புரதத்தையும், எதிர்ப்பொருள் பூசிய நுண்ணிய ரப்பர்ப்பால் மணிகளை அதனோடு கலந்து, அவை ஒன்றோடொன்று திரண்டு கலங்கலாகும்போது எவ்வளவு ஒளி சிதறுகிறது என்று பார்த்தே ஆய்வகங்களில் அளந்துவிடுகிறார்கள். இருதய நோய்க்கான அபாயம் குறைவு என்று சொல்லப் பயன்படும் சி.ஆர்.பி. எல்லையே லிட்டருக்கு 1 மில்லிகிராம். அது ட்ரோபோனினின் எல்லையைப் போல் எழுபதினாயிரம் மடங்கு. கலங்கலைப் பார்க்கும் முறை ட்ரோபோனினுக்கு எட்டாமல் போனதன் காரணம் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது.

ஆகையால், மணிக்கட்டில் கடிகாரம்போல் அணிந்துகொண்டால் அகச்சிவப்பு ஒளியைத் தோல் வழியே செலுத்தி, ஐந்தே நிமிஷத்தில் ட்ரோபோனின் உயர்ந்திருக்கிறதா என்று தொண்ணூறு சதவீதம் சரியாகச் சொல்லும் கருவியொன்றை இந்தியாவின் ஐந்து மருத்துவமனைகளில் சோதித்ததாக 2023-இல் அமெரிக்க இருதயவியல் மாநாட்டில் அறிவித்தபோது, நான் அதை ஆவலோடும் தயக்கத்தோடும் படித்தேன். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், ஆம்புலன்ஸிலேயே அறியலாம் என்பது எத்தகைய உபகாரம்! ஆனால் 160 கோடிக்கு ஒன்று என்ற கணக்கை மறந்துவிட முடியவில்லை. கணினிக்குப் பல நோயாளிகளின் ஒளிக்கோலங்களைக் காட்டிப் பயிற்றுவித்துப் பெற்ற விடை அது. அந்தக் கோலத்தில் கணினி கண்டது ட்ரோபோனினைத்தானா, அல்லது மாரடைப்பு வந்தவருடைய தோலிலும் நாடியிலும் நேரும் வேறு மாறுதல்களையா என்பது இன்னும் பெரிய கூட்டங்களில், ஆரோக்கியமானவர்களையும் பிற நோயாளிகளையும் கலந்து வைத்துப் பார்த்தாலன்றி விளங்காது. பின்னது என்றாலும் கருவி பயன்படலாம்; ஆனால் அப்போது அதை ட்ரோபோனின் சோதனை என்று அழைப்பது பொருந்தாது.

கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காணும் கலை ஒளிக்கு இல்லை. அது எதிர்ப்பொருளுக்கே உண்டு. ஆன்டிபாடி என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் புரதங்களை, அந்நியமான ஒரு பொருளின் வடிவத்துக்கு ஏற்பப் பூட்டுக்குச் சாவிபோல் உடம்பே செய்துகொள்கிறது. குறிப்பிட்ட ஒரே சாவியை வேண்டுமளவு வார்த்தெடுக்கும் வழியைக் கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் கண்டார்கள். ட்ரோபோனினின் ஒரு பக்கத்தை ஓர் எதிர்ப்பொருளும் மறுபக்கத்தை மற்றோர் எதிர்ப்பொருளும் பற்றிக்கொள்ள, நடுவில் அது சிறைப்படுகிறது. இரண்டு சாட்சிகளும் ஒருங்கே சொன்னாலொழிய நம்புவதில்லை என்ற நியாயசபையின் விதியே இங்கும். பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவகை யந்திரத்தில், முதல் எதிர்ப்பொருள் காந்த மணியொன்றில் ஒட்டியிருக்கும், இரண்டாவது எதிர்ப்பொருள் ரூதீனியம் என்னும் உலோகக் கூட்டு ஒன்றைச் சுமந்திருக்கும். காந்தத்தால் மணிகளை இழுத்து நிறுத்தி, மற்றதையெல்லாம் கழுவிவிட்டு, மின்சாரம் கொடுத்தால் ரூதீனியம் செம்மஞ்சளாக ஒளிர்கிறது. வெளியிலிருந்து ஒளி ஒன்றும் செலுத்தப்படாததால் பின்னணி முழு இருட்டு. அமாவாசை இரவில் தூரத்து அகல் விளக்கும் தெரிவதுபோல, அற்ப ஒளியும் எண்ணப்பட்டுவிடுகிறது. ரத்தப் பரிசோதனை என்று மட்டும் நாம் அறிந்து கட்டணம் செலுத்தி வரும் ட்ரோபோனின் அளவீடு ஏற்கெனவே ஓர் ஒளி அளவீடுதான் என்பது பலருக்குத் தெரியாது.

அப்படியானால் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் எதைத் தேடுகிறார்கள்? அந்த யந்திரம் ஒரு மேஜையை அடைக்கும். கழுவுதல், கலத்தல், காத்தல் என்று பல படிகள் கொண்டது. அடையாளப் பொருள் எதையும் ஒட்டாமல், கழுவாமல், ட்ரோபோனின் வந்து அமரும் அந்தக் கணத்திலேயே ஒளியைக் கொண்டு உணர முடியுமா என்பதே அவர்களுடைய கேள்வி.

அதற்கான வழிகளில் மிகவும் ஆராயப்பட்டது மீண்டும் தங்கத்தையே ஆதாரமாகக் கொண்டது. 1902-இல் பால்டிமோரில் ராபர்ட் வுட், உலோகத்தில் நெருங்கிய கீற்றுகள் வரைந்த பலகையிலிருந்து வரும் நிறமாலையில், இருக்க நியாயமில்லாத இருட்டுப் பட்டைகளைக் கண்டு காரணம் தெரியாமல் திகைத்தார். 1968-இல் கிரெட்ஷ்மானும் ரேத்தரும், தனியே ஓட்டோ என்பவரும், அந்த இருட்டைத் தம் இஷ்டப்படி உண்டாக்கும் வகையைக் கண்டார்கள். கண்ணாடி முப்பட்டகத்தின் அடியில் 50 நானோமீட்டர் கனமே உள்ள தங்கத் தகடு படிந்திருக்கிறது. முப்பட்டகத்துக்குள் வரும் ஒளி அடிப்புறத்தில் பட்டு முழுவதும் திரும்பிவிட வேண்டியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும், தங்கத்தின் எலெக்ட்ரான்கள் அந்த ஒளியை ஏற்று மேற்பரப்போடு அலையாக ஓடத் தொடங்க, திரும்பும் ஒளி திடீரென்று மங்கிப்போகிறது. அந்தக் கோணம் எது என்பது தங்கத்தின் மறுபுறத்தில், சுமார் 200 நானோமீட்டருக்குள், என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கே எதிர்ப்பொருளை நட்டு வைத்து, அதன்மேல் ரத்தத் தெளிநீரை ஓடவிட்டால், புரதம் வந்து ஒட்ட ஒட்டக் கோணம் நகர்கிறது. இதை உயிரியலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1983-இல் சுவீடன் நாட்டு லின்ஷோப்பிங்கில் லீட்பெரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள்; 1990-இல் அதே தேசத்து உப்சாலாவிலிருந்து விற்பனைக்கும் வந்துவிட்டது.

ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நானோகிராம் புரதம் படிந்தால் கோணம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு நகரும். அதிலும் ஆயிரத்தில் ஒன்றை, அதாவது ஒரு பிகோகிராமை, நல்ல கருவிகள் உணர்கின்றன. நாம் முன்பு போட்ட கணக்கை இங்கே திரும்ப நினைக்கவேண்டும். நம்முடைய துளியில் இருந்த ட்ரோபோனின் எல்லாம் 0.7 பிகோகிராம். ஒன்று விடாமல் அத்தனையும் வந்து ஒரே சதுர மில்லிமீட்டரில் அமர்ந்தாலும் கருவியின் எல்லையைத் தொடாது. அதுமட்டுமல்ல, அழையா விருந்தாளியாக ஆல்புமினில் நூறு கோடியில் ஒரு பங்கு தங்கத்தில் ஒட்டிக்கொண்டாலே 2 பிகோகிராம் ஆகிவிடும், உண்மையான விருந்தாளியின் மூன்று மடங்கு. கோணம் நகர்ந்தது யாரால் என்று ஒளி சொல்லாது. அதற்கு எல்லாப் புரதமும் ஒன்றே. இதனாலேயே இத்துறையில் உழைப்பவர்களின் பொழுது பெரும்பாலும் ஒளியியலில் கழியாமல், ஒட்டாத மேற்பரப்புகளைச் செய்யும் ரசாயனத்தில் கழிகிறது: சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெத்தைகள், நீரை இறுகப் பற்றிக்கொண்டு புரதத்தை அண்டவிடாத பலபடிச் சேர்மங்கள், பக்கத்தில் எதிர்ப்பொருள் நடாத வெறும் இடத்தை வைத்து அதன் நகர்வைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடுகள். இவற்றுக்குப் பிறகும் எட்டாத நுட்பத்தை, இரண்டாவது எதிர்ப்பொருளில் தங்கத் துகளைக் கட்டி அனுப்பி எட்டுகிறார்கள். புரதத்தைவிடப் பலமடங்கு கனமான துகள் வந்து உட்கார்ந்தால் கோணமும் அத்தனைக்கத்தனை நகர்கிறது. அடையாளப் பொருள் வேண்டாம் என்று தொடங்கிய யாத்திரை, இவ்வாறு ஃபாரடேயின் பொன்னுக்கே திரும்பி வந்து சேர்கிறது.

வேறு இரண்டு வழிகளிலும், திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவருடைய அடிச்சுவடு தெரிவதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சந்திரசேகர வேங்கடராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட விளைவின்படி, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி, அந்தப் பொருளின் மூலக்கூறு அதிர்வுக்கு ஏற்ப நிறம் மாறி வருகிறது. அது மூலக்கூறின் கையெழுத்து. ஆனால் கோடியில் ஒன்று என்று சொல்லத்தக்க அளவுக்கு அற்பமான பங்கு. 1974-இல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில், சொரசொரப்பாக்கிய வெள்ளியின்மேல் படிந்த பொருளிலிருந்து அந்தக் கையெழுத்து எதிர்பாராத பலத்தோடு வருவதைக் கண்டார்கள். லட்சக்கணக்கான மடங்கு பெருகுவதற்கு உலோகமே காரணம் என்று 1977-இல் தெளிவாயிற்று. இப்போது தங்க, வெள்ளித் துகள்களில் ராமன் கையெழுத்துடைய சாயத்தை ஏற்றி, ட்ரோபோனினைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு அனுப்புகிறார்கள். மற்றொன்று, 1921-இல் ராமன் லண்டன் சென்றபோது செயின்ட் பால் தேவாலயக் கோபுரத்தினடியில் ஆராய்ந்த விஷயம். அந்த வட்ட மாடத்தின் சுவரோரம் ஒருவர் கிசுகிசுத்தால், ஒலி சுவரைத் தழுவிக்கொண்டே சுற்றி, எதிர்ப்புறத்தில் நிற்பவர் காதில் விழுகிறது. ஒளியும் அவ்வாறே ஒரு சிறு கண்ணாடிக் கோளத்தின் உட்சுவரைத் தழுவி ஆயிரக்கணக்கான முறை சுற்றும். அதன்மேல் ஒரு புரதம் ஒட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சந்திப்பதால் அற்ப மாறுதலும் பெருகித் தெரியும். 2002-இல் நியூயார்க்கில் ஃபோல்மரும் கூட்டாளிகளும் அப்படி முதலில் உணர்ந்து காட்டிய புரதம் எது தெரியுமா? ஆல்புமின்.

அறிவதனால் ஆவது என்ன என்ற கேள்வியை நாம் இதுவரை ஒத்திவைத்திருந்தோம். ட்ரோபோனின் தசைக்கு ஊறு நேர்ந்ததைச் சொல்லும். ஏன் நேர்ந்தது என்று சொல்லாது. ரத்தக்குழாய் அடைபட்டாலும் உயரும். சிறுநீரகம் பழுதுபட்டவரிடமும், கடும் தொற்று நோயாளியிடமும், நெடுந்தூரம் ஓடி முடித்த ஆரோக்கியமான ஓட்டக்காரரிடமும்கூட உயரும். சோதனையின் நுட்பம் கூடக்கூட இத்தகையோர் அதிகமாக அகப்படுகிறார்கள். ஸ்காட்லாந்தில் பத்து மருத்துவமனைகளில், 48,282 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெரும் ஆராய்ச்சியின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பழைய சோதனை விட்டுவிட்ட பலரைப் புதிய நுண்சோதனை கண்டுபிடித்தது. ட்ரோபோனின் உயர்ந்திருந்தவர்களில் ஆறில் ஒரு பங்கினர் அவ்வாறு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். ஆயினும் அதன் பயனாக அடுத்த ஓராண்டில் அவர்களிடையே மாரடைப்போ இருதய மரணமோ குறையவில்லை. நுட்பம் ஒன்றே உயிர்காக்கும் என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றந்தான். அதே நாட்டினர் தொடர்ந்து நடத்திய மற்றோர் ஆராய்ச்சி, 2021-இல், வேறொரு பயனைக் காட்டியது: வந்தவுடன் எடுத்த ரத்தத்திலேயே ட்ரோபோனின் மிகத் தாழ்ந்திருந்தால் மாரடைப்பு இல்லை என்று துணிந்து வீட்டுக்கு அனுப்பலாம், அப்படிச் செய்ததில் மருத்துவமனையில் கழிக்கும் நேரம் சராசரி 10.1 மணியிலிருந்து 6.8 மணிக்கு இறங்கியது, ஆபத்தும் கூடவில்லை. ஆக, நுண்ணிய சோதனை அங்கே அளித்த பெருங்கொடை, நோயில்லாதவருக்கு நோயில்லை என்று சொன்ன அபயமே. அதை நான் சிறியதாக எண்ணவில்லை; நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரையும் அவரைச் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் பார்த்தவர்கள் அதைச் சிறியதாக எண்ணமாட்டார்கள்.

முன்கூட்டியே அறிதல் என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டு. மாரடைப்பு தொடங்கி இரண்டு மணியில் அறிவது ஒன்று. இருதயம் கெடுவதற்குப் பல வருஷம் முன்பே அறிவது மற்றொன்று. பின்னதற்கு ட்ரோபோனினைவிட, சுமை தாங்காமல் விரியும் இருதயச் சுவர் தானே சுரக்கும் பி.என்.பி. என்ற பொருள் பொருத்தமானது. 1988-இல் ஜப்பானியர்கள் அதைப் பன்றியின் மூளையில் கண்டதால் மூளையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் முக்கிய பிறப்பிடமோ இருதயம். அயர்லாந்தில், ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற அபாயங்கள் உள்ள 1,374 பேரைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பி.என்.பி. உயர்ந்திருந்தவர்களை மட்டும் எக்கோ பரிசோதனைக்கும் நிபுணரின் கவனிப்புக்கும் உட்படுத்தியபோது, இருதயத்தின் இடக் கீழறை செயல் குன்றியவர்கள் (இருதயத் தளர்ச்சி கண்டவர்கள் உட்பட) 8.7 சதவீதத்திலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தார்கள். செய்தியைக் கேட்டபின் செய்யவேண்டியது இன்னதென்று முன்பே வகுத்திருந்ததனால் கிடைத்த பலன் இது. மலிவான ஒளிக்கருவிகளால் உண்மையான தர்மம் நடக்கக்கூடிய இடம் இதுவே என்பது என் அபிப்பிராயம்; தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடச் சில வருஷங்கள் முந்தியே மாரடைப்பு வருகிறது என்பதை ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது.

கருவி எவ்வளவு நேர்த்தியானாலும் எதிர்பாராத இடத்திலிருந்து இடறல் வரும். முடி வளரவும் நகம் உறுதிப்படவும் பலர் தாமாக வாங்கி விழுங்கும் பயோட்டின் என்னும் வைட்டமின், எதிர்ப்பொருளை மணியோடு பிணைக்கத் தன்னையே பயன்படுத்தும் சோதனைகளில் குறுக்கிட்டு, ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அத்தகைய பொய்க்குறைவுக்குப் பிறகு ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்ததென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017-இல் எச்சரித்தது. ஒளி அங்கே தவறாக எண்ணவில்லை. எண்ணுவதற்கு அதன்முன் கொண்டுவந்து நிறுத்திய கூட்டம் தவறு.

இன்று ஐரோப்பிய நெறிமுறைப்படி, முதல் அளவு மிகத் தாழ்ந்தோ மிக உயர்ந்தோ இருந்தாலன்றி, மருத்துவர் ஒரே அளவை நம்பி நிற்பதில்லை. முதல் துளி எடுத்து ஒரு மணி கழித்து மறு துளி எடுக்கிறார். ட்ரோபோனின் டி முதலில் லிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழிருந்து, ஒரு மணியில் 3 கூட மாறாமல் இருந்தால் மாரடைப்பு இல்லை. 5 அல்லது அதற்கு மேல் மாறினால் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டிலும் சேராதவர் மேலும் காத்திருக்கிறார். அந்த 5 நானோகிராமை நம் துளியின் கணக்கில் சொன்னால் 40 லட்சம் மூலக்கூறுகள். பக்கத்தில் ஆல்புமின் மாறாமல் தன் 2 மில்லிகிராமோடு நிற்க, இந்த 40 லட்சத்தின் வித்தியாசத்தை, குளிரூட்டிய ஆய்வகத்தில் மட்டுமின்றி, மின்சாரம் வந்து போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவுப் பணியில் தனியாக இருக்கும் தாதியின் கையிலும், காலையில் காட்டியது போலவே மாலையிலும் காட்டுமா என்பதுதான், தங்கத் தகடானாலும் கண்ணாடிக் கோளமானாலும் மணிக்கட்டுக் கருவியானாலும், இனி வரப்போகும் ஒவ்வொன்றையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.